அடுப்புக்கு ஒரு கை

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி பெருமாயி, அவள் புருஷன் வெள்ளையன், மகள் அமிர்தம், வெள்ளையனின் அக்கா சாலம்மாள், வெள்ளையனின் சித்தப்பா மூக்கன், கள்ளக்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வந்திருந்த பாஸ்டர் அரங்கநாதன். மூக்கன் பிடாரி கோயில் பூசாரி. அவரும் பாஸ்டரும் ஒரே கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இருந்ததே அந்த ஒரு பாய்தான்.

ஆனி பாதி தாண்டிவிட்டது. கடுக்காமேட்டில் எல்லாருடைய காடும் உழுது கிடந்தது. சரிவில் ஏர் ஏறாத இடங்களைக் கொத்தால் கொத்திப் போட்டிருந்தார்கள். மழை ஒருமுறை வந்து மண்ணின் சூட்டைக் கிளப்பிவிட்டுப் போனது. அடுத்த மழைக்கு முன்னால் சாமை மண்ணுக்குள் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் விதை கலந்தாக வேண்டும்.

கலப்பு என்பது பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை கை சாமை விதை பிடாரி முன்னால் இருக்கும் கூடையில் விழ வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் போட வேண்டும். பூசாரி பிடாரியைப் பார்த்து நின்றுகொண்டு ஒவ்வொருத்தி பேராகச் சொல்லுவார். கூடை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பேர் வந்ததும் அவள் தன் வீட்டு விதையில் ஒரு கை போடுவாள். கடைசிக் கை விழுந்ததும் மேளம் அடி மாறும். பிறகு விதையைக் கலக்கி வீட்டுக்கு ஒரு கை திருப்பிக் கொடுப்பார்கள். காட்டில் முதலில் விழுவது அந்தக் கைதான். உன் விதை என் காட்டில், என் விதை உன் காட்டில். அதன்பிறகு களையெடுப்பு, காவல், அறுப்பு எல்லாம் மாற்றி மாற்றி ஒருவர் காட்டுக்கு எல்லாரும் போவார்கள். ஒரு கை குறைந்தால் கலப்பு இல்லை. கலப்பு இல்லாமல் யாரும் விதைத்ததில்லை.

பெருமாயியும் வெள்ளையனும் ஞானஸ்நானம் வாங்கிய பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தச் சமயத்தில் கீழே கரும்பு வெட்டுக்குப் போய்விட்டார்கள். அடுப்பு எரியாத வீடு கணக்கில் வராது. அதனால் யாருக்கும் சங்கடம் இல்லை. காட்டைச் சாலம்மாள் பார்த்துக்கொண்டாள். இந்த வருஷம் வெள்ளையன் போக மறுத்துவிட்டான். கீழே போகும்போதெல்லாம் அமிர்தம் காய்ச்சலில் விழுந்தாள். கரும்புச் சோகையில் குடிசை போட்டுப் படுத்து, வாய்க்கால் தண்ணீரைக் குடித்து, அந்தப் பெண் கழுத்து எலும்பு தெரிய இருந்தாள். இனிமேல் தன் காட்டில்தான் பிழைப்பு என்று அவன் சொல்லிவிட்டான். அடுப்பு எரிந்தது. கணக்கு வந்து வாசலில் நின்றது.

பெருமாயி குச்சிக்கிழங்கை வேகவைத்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். மூக்கன் ஒரு துண்டைக் கையில் வாங்கி ஊதினார்.

"நான் இன்னா கேட்டுட்டேன்? கும்புடு இன்னு சொன்னனா? சூடத்தத் தொட்டுக்க இன்னு சொன்னனா? உள்ள கூட வர வேணாம். வெளியவே நின்னுக்கினு ஒரு கை போட்டுட்டு வந்துடு."

"ஒரு பூசாரி இதுக்கு மேல எறங்கி வர முடியாது பெருமாயி" என்றாள் சாலம்மாள். "எங்கப்பன் காலத்துல இப்பிடி மாட்டேன்னு சொல்லியிருந்தா மொளகாப் பொகை போட்டிருப்பாங்க."

"உங்கப்பன் எனக்கே போட்டான்" என்றார் மூக்கன். "கள்ளு குடிச்சதுக்கு."

அமிர்தம் சிரித்தாள். பாஸ்டரும் சிரித்தார். பெருமாயி சிரிக்கவில்லை.

மூக்கன் பாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க பாஸ்டரே. பேருல ரங்கநாதர வச்சிக்கினு யேசுவக் கும்புடறீங்க. ரெண்டு பேரும் உள்ள சண்டையா போட்டுக்கறாங்க?"

"பேரு எங்கப்பா வச்சது. மாத்திக்கச் சொன்னாங்க. எங்கம்மா வேற பேரச் சொல்லிக் கூப்புட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"பாத்தியா. அவரே விட்டுக் குடுக்கறாரு."

பாஸ்டர் கிழங்கைத் தட்டில் வைத்தார். அவர் வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். "பெருமாயி, வெத வெததான். மண்ணுல போட்டாலும் கூடைல போட்டாலும் அத மொளைக்க வக்கிறவரு ஒருத்தருதான். நீ மனசுல கும்புடாம கை மட்டும் போட்டா அது ஊரோட சேந்து ஒரு வேலை செஞ்ச மாதிரி. பிடாரின்னு ஒண்ணு இருந்தாத்தான நாம பயப்படணும்?"

மூக்கன் மெல்லுவதை நிறுத்தினார். "அது இன்னா பேச்சு? இல்லன்னா நான் இத்தினி வருசமா யாருக்குக் கோழி அறுத்துக்கினு இருக்கறேன்?"

"நான் உங்களச் சொல்லலீங்க."

"வேற யாரச் சொன்னீங்க?"

பெருமாயி கையைத் துடைத்துக்கொண்டாள். "மாமா சொல்றதுதான் சரி பாஸ்டரு. அவ இருக்கறா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இருக்கறா. அதனாலதான் முடியாதுங்கறேன். இல்லாதவளா இருந்தா ஒரு கை இன்னா, ஒரு கூடை கொட்டிட்டு வருவேன்."

அவளைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பிடாரி அவள்மேல்தான் இறங்கினாள். கூடை நிறைந்து மேளம் அடி மாறும்போது பெருமாயியின் பாதம் முதலில் நடுங்கும். பிறகு அது தொடைக்கு ஏறும். பிறகு அவள் அங்கே இல்லை. அவள் வாய் வழியாக வேறொரு குரல் மழையைச் சொல்லும், எந்தக் காட்டில் பன்றி இறங்கும் என்று சொல்லும், யார் வீட்டில் யார் திருட்டுத்தனம் செய்தார்கள் என்றுகூடச் சொல்லும். ஊருக்கு அது வேண்டியிருந்தது. முடிந்த பிறகு அவளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து போடுவார்கள். நாலைந்து நாள் சோறு இறங்காது. இரண்டு கரு அப்படித்தான் கலைந்தது என்று அவள் நம்பினாள். அமிர்தம் வயிற்றில் தங்கியது, கலப்புக்கு இல்லாமல் அவர்கள் கீழே இருந்த முதல் வருஷம். பாஸ்டர் பெருமாயியின் தலையில் கைவைத்து ஜெபித்த நாளில் காலையிலிருந்து வெயில் சாயும்வரை கத்தினாள். பிறகு தூங்கினாள். அதற்குப் பிறகு அவள் உடம்பில் அவளைத் தவிர யாரும் இருந்ததில்லை.

ஆகவே அவளுக்கு இது கொள்கை விஷயம் இல்லை. ஒருத்தியை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிய பிறகு அவளுக்கு வாசலில் நின்று சாப்பாடு போடலாமா என்பது போன்ற விஷயம். போட்டால் மறுநாள் அவள் உள்ளே வருவாள்.

"அவ உன்னக் கொல்ல வந்தவளா பெருமாயி?" என்றார் மூக்கன். கோபமாகக் கேட்கவில்லை. "ஊருக்கு நல்லதத்தான சொன்னா."

"ஊருக்கு நல்லது சொன்னா மாமா. ஒடம்பு என்னுது."

வெள்ளையன் கொத்துக்குப் புதுக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். "களைக்கு யாரு வருவாங்க?" என்றான்.

அவன் காம்பின் முனையைத் தடவிப் பார்த்தான்.

"சாமைல களைய விட்டா சாமை இல்ல. அந்தச் சரிவ நானும் இவளும் மட்டும் ஒரு மாசம் எடுத்தாலும் ஆகாது. மேல எடுக்கறதுக்குள்ள கீழ மூடிக்கும். அப்புறம் மறுபடி கரும்பு வெட்டு. மறுபடி இந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல். நான் அதத்தான் கேக்கறேன். சாமியப் பத்தி நான் கேக்கல."

"காலைல வரைக்கும் யோசி" என்று சாலம்மாள் எழுந்தாள். போகும்போது அமிர்தத்தின் தலையைக் கலைத்துவிட்டு, "உங்கம்மாளுக்குக் கல்லு நெஞ்சு" என்றாள். அதில் பாதி பாராட்டு இருந்தது.

பாஸ்டரை பஸ் நிற்கும் இடம்வரை பெருமாயி கொண்டுபோய் விட்டாள். பாதையில் அவர் சொன்னார், "வேற ரெண்டு ஊருல ஜெபத்துக்குக் கூரை போட எடம் விடல. இங்க விட்டாங்க. சுத்துப்பட்டுலேருந்து நாலு குடும்பம் வந்து உக்காருது. அதையும் நாம கெடுத்துக்கக் கூடாது."

"கூரைக்காகவா அப்பிடிச் சொன்னீங்க?"

"அதுக்காகவும்தான்."

பொய் சொல்லவில்லை என்பதால் அவளுக்கு அவர்மேல் இருந்த மரியாதை குறையவில்லை. ஆனால் இனி இதை அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை மேளம் கேட்டது. பெருமாயி போகவில்லை. வெள்ளையனும் போகவில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து, முந்தின நாள் செதுக்கி முடித்த காம்பையே மறுபடி செதுக்கினான். மேற்கே மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஈரமண் வாசனை. அவள் மொச்சையை உரித்துக்கொண்டே, ஒரு கை குறைந்து இப்போது மேளம் நிற்கப் போகிறது, அப்புறம் ஆட்கள் வாசலுக்கு வருவார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மேளம் நிற்கவில்லை. அடி மாறியது.

அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். அது சும்மா இருந்தது. பிறகு வெள்ளையனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அவனுக்குத் தெரியும் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

சாலம்மாள் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். முடிச்சை அவிழ்த்துச் சாமை விதையை முறத்தில் கொட்டினாள். ஒரு கைதான். சில மணிகள் கறுப்பு, சில வெளிர். பல வீட்டு விதை.

"இந்தா உன் பங்கு. வெதச்சிட்டு வாங்க. மழை தலை மேல நிக்கிது."

"யாரு போட்டா?"

"நாந்தான். ஏம்பேருக்கு வலது கை, ஒம்பேருக்கு எடது கை. கெழவன் திரும்பிப் பாக்கல."

"மத்தவங்க?"

"வரிசைல நின்ன பொம்பளைங்க அத்தினி பேரும் பாத்தாங்க. ஒருத்தி வாயத் தொறக்கல. அந்தக் காசியம்மா இருக்கறாளே, ஊருக்கே தண்டோரா போடறவ, அவளே வானத்தப் பாத்துக்கினு நின்னா." சாலம்மாள் மூச்சு வாங்கினாள். "நீ ஒண்ணும் பண்ணல. உன் யேசு கேட்டா, என் நாத்தனா பண்ணா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. பாவம் எனக்கு வரட்டும். எனக்கு ஏற்கெனவே நெறைய இருக்குது."

பெருமாயி முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடாரி முன்னால் அவள் பேர் சொல்லப்பட்டிருக்கிறது. அவள் கை என்று ஒரு கை விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் ஏறவில்லை. பாஸ்டர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். சும்மா இருந்தால் போதும். களைக்கு ஆள் வரும். அமிர்தம் இங்கேயே இருப்பாள். தனக்காக அத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இந்த ஊர் தன்மேல் இவ்வளவு பிரியமாக இருந்தது அவளுக்குத் தெரியாது.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"காட்டுக்கா?" என்றாள் சாலம்மாள்.

"கோயிலுக்கு."

சாலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் பெருமாயி. ஒங்கால்ல வுழறேன். இன்னைக்கு வெதச்சா நாளான்னைக்கு மொளைக்கும். அவங்க வெதையும்தான். ஒரு ஊரு சோறு."

"காலைல யேசுகிட்ட நான் உன் ஆளுன்னு சொல்லிட்டு எழுந்தேன் அண்ணி. அதே காலைல அவகிட்டயும் நான் உன் ஆளுன்னு நீ சொல்லிட்டு வந்திருக்கற. ரெண்டுல ஒண்ணு பொய்யாவுது."

"பொய்யாவட்டும். யாரு செத்துடப் போறா?"

"நாளைக்கு ஒரு வூட்ல மாடு செத்தாலும் அந்த எடது கையத்தான் தேடுவாங்க. அன்னைக்கு இந்தப் பொம்பளைங்க வானத்தப் பாக்க மாட்டாங்க."

வெள்ளையன் எழுந்து வழியில் நின்றான். தடுக்கிற மாதிரி நிற்கவில்லை. நிற்க வேறு இடம் இல்லாத மாதிரி நின்றான். அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

கோயில் என்பது கூரையும் மண் சுவரும்தான். வெளியே எல்லாரும் விதைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்கள். பெருமாயி தள்ளி நின்று முறத்தைத் தரையில் வைத்தாள். "மாமா, இது ஏங்கை இல்ல" என்றாள். யார் கை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சாலம்மாள் பின்னாலேயே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ராசு என்பவன் பெருமாயியின் அம்மாவைச் சேர்த்துத் திட்டினான். மூக்கன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். மேகத்தைப் பார்த்தார். முறத்தைப் பார்த்தார்.

"கை குடுக்க மாட்டேன்ன. சரி, அது உன் இஷ்டம். போட்டது போட்டாச்சு, சும்மா இருந்திருக்கலாமில்ல? உனக்கு இன்னா கொறஞ்சிது?"

"அவள ஏமாத்தலாமா மாமா? நீங்க பூசாரி."

மூக்கன் பிடாரி பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் விதையைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொருவராக வந்து கலந்த விதையைத் தரையில் கொட்டினார்கள். பெண்கள் யாரும் பெருமாயியைப் பார்க்கவில்லை. காசியம்மாள் மட்டும் தன் கையைக் கொட்டிவிட்டு, "உனக்காவத்தானடி சும்மா நின்னோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோழிகள் வந்தன. கொட்டி முடிப்பதற்குள் மழை இறங்கியது. நல்ல மழை. உழுத காடெல்லாம் குடித்துக் கிடக்க, விதைப்பைகளை வைத்துக்கொண்டு எல்லாரும் கூரைக்கடியில் ஒதுங்கி நின்று அதைப் பார்த்தார்கள். அப்படி ஒரு மழையை விதைக்காமல் பார்ப்பதுபோல ஒரு கொடுமை அந்த மலையில் இல்லை.

மூக்கன் அங்கேயே முடிவைச் சொன்னார். மழைச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் அது திட்டுவது போலக் கேட்டது.

"அடுப்பு எரிஞ்சா கை வேணும். கை இல்லன்னா அது இந்த ஊரு அடுப்பு இல்ல. நான் யாரையும் தொரத்தல. அவ வூட்ல அவ இருக்கட்டும். கெணத்துல தண்ணி சேந்தட்டும். ஆனா கலப்புல இல்ல, களையில இல்ல, அறுப்புல இல்ல. வெத காட்டுக்குப் போற அன்னைக்கு வெளியாள் எதுக்க வரக்கூடாது. கடுக்கா வாங்க வர்ற வியாபாரிய எப்பிடி ஒரு வூட்ல உக்கார வச்சிப் பூட்டறமோ அப்பிடி அவளும் உள்ள இருக்கணும்." அவர் வெள்ளையனைத் தேடினார். அவன் மழையிலேயே நின்றுகொண்டிருந்தான். "நீ எந்த அடுப்புல சாப்புடற? அத மட்டும் சொல்லு."

வெள்ளையன் முகத்தைத் துடைத்தான். மழை மறுபடி நனைத்தது.

"அக்கா வூட்ல" என்றான்.

"பொண்ணு?"

"அவளும்."

பெருமாயி தலையாட்டினாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள்.

அன்று அவர்கள் வீட்டில் பேச்சு நடந்தது. அதிகம் இல்லை.

"நீயும் தண்ணில எறங்குனவன்தான" என்றாள் அவள்.

"எறங்குனேன். நீ நல்லாத் தூங்குன. வூடு வூடா இருந்துச்சு. அதுக்காவ எறங்குனேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியல பெருமாயி. நீ சொல்றவரும் எனக்குத் தெரியல, அவங்க சொல்றவளும் தெரியல. எனக்குக் காடுதான் தெரியுது."

"அமிர்தத்தக் கூடைகிட்ட கூட்டிக்கினு போவக் கூடாது."

"போவ மாட்டேன்."

"சாப்புடட்டும். அண்ணி வூட்டுச் சோறு நல்லாருக்கும். கூடைகிட்ட வேணாம்."

"அதான் சொல்றனே."

மண் தண்ணீரை இழுத்துக்கொண்டு மறுபடி பதத்துக்கு வந்த நாளில் இரண்டாவது கலப்பு வைத்தார்கள். காலையில் பெருமாயி அடுப்பிலிருந்த கட்டையை இழுத்துச் சாம்பலில் புதைத்தாள். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். குடத்தில் தண்ணீர் இருந்தது. அமிர்தத்துக்குத் தலை வாரிவிட்டாள். இறுக்கிப் பின்னியதில் அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

மேளம் அடி மாறியது. இந்த முறை கணக்கு சரியாக இருந்தது. அவள் பாதம் அசையவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள்.

சாலம்மாள் வந்தாள். கையில் ஒரு பித்தளைப் பூட்டு இருந்தது, அவள் தகரப்பெட்டியில் மாட்டியிருந்தது. பின்னால் வெள்ளையன் விதைப்பையோடு நின்றான். சாலம்மாள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தாள்.

"பூட்டறதுக்குக் கூட உங்க வூட்ல பூட்டு இல்ல. இதுல வீம்பு. உள்ள போ. சாயந்தரம் வெத போட்டுட்டு வந்ததும் தொறந்துடறேன். கொழம்பு கொண்டாறேன்."

"கொழம்பு கொண்டாந்தா உன்ன விடுவாங்களா?"

"எவன் கேப்பான் என்ன?"

வெள்ளையன் முன்னால் வந்தான். "வெதப்பு முடிஞ்சதும் வந்துடுவேன்" என்றான்.

"வந்து எங்க சாப்புடுவே?"

அமிர்தம் அவன் கைலியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். பெருமாயி மகள் முதுகில் கைவைத்து அவன் பக்கம் தள்ளினாள். மெதுவாகத்தான் தள்ளினாள். பிறகு வாசற்படி தாண்டி உள்ளே போய்த் திரும்பி நின்றாள். சாலம்மாள் கதவைப் பிடித்தாள்.

"நீ வேணாம் அண்ணி" என்றாள் பெருமாயி. "எனக்குப் பதிலா நீ கை போட்ட. அவருக்குப் பதிலாவும் நீயே பூட்டாத. அவரு பூட்டட்டும்."

பாதையில் ஆட்கள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. சாலம்மாள் தம்பியைப் பார்த்தாள். பிறகு பூட்டை அவன் கையில் வைத்துவிட்டு அமிர்தத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

வெள்ளையன் கதவைச் சாத்தினான். உள்ளே இருட்டு மெதுவாக வந்து சேர்ந்தது. நாதாங்கி மாட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் பலகை இடுக்கில் கேட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிறகு பூட்டு விழுந்தது.